ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின்: இரண்டரை மடங்கு விலை கொடுக்கலாமா, வேண்டாமா?

#1
ஈரத்துணி | திங்கள், இரவு 9:40

எங்கள் வீட்டு ஃபிரண்ட் லோடு மெஷின் போன வாரம் ஓய்ந்துவிட்டது. வாங்கி ஆறரை வருடம்தான் ஆகிறது. மூன்று மாதமாகவே ஸ்பின் சுற்றும்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது. துணி கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டோம் போல என்று கண்டுகொள்ளாமல் விட்டேன். இப்போது கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் ஒரு விரல் அளவு ஆடுகிறது. பின்பக்கம் துருநிறத்தில் தண்ணீர் வழிந்த தடம்.

மெக்கானிக் வந்து பார்த்தார். பேரிங் போய்விட்டது, ஆனால் இந்த மாடலில் பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை, டிரம்மைச் சுற்றியிருக்கும் டப்போடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்கிறார். அவர் சொன்ன தொகை புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. சரி, புதிதே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வீட்டில் நான்கு பேர், அதில் ஒன்று கைக்குழந்தை. வாரத்துக்கு ஐந்து முறை மெஷின் ஓடும். பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று பெயர் பெற்ற உயர்விலை மாடல்: 8 கிலோ, ஸ்பின்னில் நிமிடத்துக்கு 1400 சுற்று, பிரஷ் இல்லாத மோட்டார், எடை 80 கிலோவுக்கு மேல். டிடர்ஜென்டைத் தானே அளந்து எடுத்துக்கொள்ளும், போனிலிருந்தும் இயக்கலாம். இன்னொன்றும் 8 கிலோதான், 1200 சுற்று, எடை 62 கிலோ, அலங்காரம் எதுவும் கிடையாது. முதலாவதன் விலை இரண்டாவதைப் போல இரண்டரை மடங்கு.

அவ்வளவு கூடுதலாகக் கொடுத்தால் அவ்வளவு கூடுதலாக உழைக்குமா? இந்த முறையும் ஆறு வருடத்தில் பழைய இரும்புக்குப் போனால் மனசு தாங்காது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2
மொட்டைமாடி | திங்கள், இரவு 10:05

யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதை வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்போது கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த ஃபிரண்ட் லோடு. ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. இதுவரை மாற்றியது இரண்டே பொருள்: ஒருமுறை மோட்டாரின் கார்பன் பிரஷ், ஒருமுறை டிரெயின் பம்ப். இரண்டும் அரை மணி நேர வேலை. சாதாரண மெஷினில் கெட்டுப்போவதற்கான பொருளே குறைவு. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு மெஷினே வாங்கலாம், அதற்கு மேலும் கையில் நிற்கும்.

#3
வெள்ளைச்சட்டை | திங்கள், இரவு 10:50

நான் எதிர்ப்பக்கம். உயர்விலை மெஷின் வாங்கிப் பதினொரு வருடம் ஆகிறது, ஒரு நாளும் வருந்தியதில்லை. முன்பு இருந்த மெஷின் ஸ்பின் போடும்போது இடத்தைவிட்டு நகர்ந்து சுவரை முட்டும். பிள்ளை அடுத்த அறையில் தூங்கினால் ஓட்டவே முடியாது. இதில் 1400 சுற்று ஓடும்போது அந்த அறையில் நின்று சாதாரணக் குரலில் பேசலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமே இல்லை.

அதோடு, சில நிறுவனங்கள் நிஜமாகவே உழைப்பைக் கணக்குப் பண்ணித்தான் செய்கின்றன. மீலே தன் மெஷின்களை 20 வருடப் பயன்பாட்டுக்குச் சமமாக ஓட்டிச் சோதிப்பதாகச் சொல்கிறது. எல்லா உயர்விலை மெஷினும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் விலைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

#4
திருப்புளி | செவ்வாய், காலை 6:30

பதினேழு வருடமாக வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறேன். மேலே எழுதிய இருவர் சொன்னதும் நான் கண்ணால் பார்த்ததுதான். ஆனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். விலை கூடியதா குறைந்ததா என்பதற்கு முன்னால், இதன் டப்பைத் திறக்க முடியுமா முடியாதா என்று கேளுங்கள்.

விவரமாகச் சொல்கிறேன். ஃபிரண்ட் லோடில் துணி கிடக்கும் ஸ்டீல் டிரம் உள்ளே இருக்கிறது. அதைச் சுற்றித் தண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் டப். டிரம்மின் முதுகில் மூன்று கால் பரப்பிய அலுமினிய வார்ப்பு ஒன்று உண்டு, அதை ஸ்பைடர் என்போம். அதன் நடுவிலிருந்து ஒரு தண்டு டப்பின் பின்சுவரைத் துளைத்து வெளியே வரும். அந்தத் தண்டைத் தாங்குவதுதான் இரண்டு பேரிங். பேரிங்குக்கு முன்னால் தண்ணீர் புகாமல் ஒரு ரப்பர் சீல். மொத்த மெஷினும் அந்த ஒரே இடத்தில் தொங்குகிறது. டாப் லோடு மாதிரி கீழே உட்கார்ந்து சுற்றவில்லை, சுவரில் அடித்த ஆணி போல ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு.

முதலில் தேய்வது சீல். கடுகளவு தண்ணீர் கசிந்தாலும் பேரிங்கில் இருக்கும் கிரீஸ் கரைந்து துருப்பிடித்துவிடும். ஈரத்துணி, நீங்கள் பார்த்த துருத்தடம் அதுதான். சீலும் இரண்டு பேரிங்கும் சேர்ந்து மெஷின் விலையில் மிகச் சிறிய பங்கு. முன்பெல்லாம் டப்பின் இரண்டு பாதியையும் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். கழற்றி, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதியதை அடித்து மூடினால் இன்னும் ஆறேழு வருடம் ஓடும். இப்போது நிறைய மாடல்களில் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே கை போகாது. சின்னப் பொருளுக்காக டப், டிரம், ஸ்பைடர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக மாற்ற வேண்டியதாகிறது.

ஒட்டிய டப்பை நான் ரம்பத்தால் அறுத்துத் திறந்திருக்கிறேன். விளிம்பு முழுக்கத் துளை போட்டு, சிலிக்கான் பசை தடவி, போல்ட் முடுக்கித் திரும்பப் பூட்டுவோம். சிலது மூன்று வருடம் ஓடியிருக்கிறது, சிலது மூன்றே மாதத்தில் ஒழுகியிருக்கிறது. அதற்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுப்பதும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். ஒட்டிய டப் மலிவு மெஷினில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். விலை கூடியதிலும் பார்க்கிறேன். ஒரே நிறுவனத்தின் கீழ்த்தட்டு மாடலும் மேல்தட்டு மாடலும் உள்ளே ஒரே டப், ஒரே பம்ப், அதிர்வைத் தாங்கும் டேம்பரும் ஒன்றே என்று வருவதும் உண்டு. முன்பலகை, கதவின் பளபளப்பு, சுற்றின் வேகம், போன் வசதி இவைதான் வேறு. பல பிராண்டுகளே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன: போஷ், சீமென்ஸ் இரண்டையும் செய்வது பிஎஸ்எச் என்ற ஒரே நிறுவனம். ஏஇஜி எலக்ட்ரோலக்ஸுடையது. கேண்டியை 2019-இல் ஹையர் வாங்கிவிட்டது. அதனால் பிராண்டின் பெயரை மட்டும் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மாடல் எண்ணைக் கொடுத்து உதிரிபாகப் பட்டியலைக் கேளுங்கள். பேரிங், சீல் இரண்டுக்கும் தனித்தனிப் பாக எண் இருந்தால் டப் திறக்கும். "டப் அசெம்பிளி" என்று ஒரே எண் மட்டும் இருந்தால் திறக்காது. இந்த ஒரு கேள்வி போதும், விற்பவர் காட்டும் முப்பது புரோகிராமையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

#5
கணக்குப்புள்ளை | செவ்வாய், காலை 10:15

திருப்புளி அண்ணா சொன்னதோடு ஸ்பின் வேகத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1400-க்கும் 1200-க்கும் வித்தியாசம் ஆறில் ஒரு பங்குதான் என்று தோன்றும். ஆனால் பிழியும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. டிரம் விட்டம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்பு விசையைப் போல 1000 சுற்றில் சுமார் 280 மடங்கு, 1200-இல் 400 மடங்கு, 1400-இல் 550 மடங்கு.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். துணி ஒரு பக்கமாகச் சுருண்டு 300 கிராம் கூடிவிட்டது என்று வையுங்கள். ஓர் ஈரத் துண்டு இருந்தாலே அந்த அளவு வந்துவிடும். 1400 சுற்றில் அந்த 300 கிராம், நொடிக்கு 23 முறை, 160 கிலோ விசையோடு டிரம்மை ஒவ்வொரு பக்கமும் இழுக்கிறது. அந்த இழுப்பைத்தான் பேரிங், ஸ்பிரிங், டேம்பர் எல்லாம் தாங்குகின்றன. டப்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் கான்கிரீட் அல்லது வார்ப்பிரும்பு எடைக்கட்டி இருப்பதும் இதற்குத்தான். எனவே 62 கிலோ மெஷினுக்கும் 80 கிலோ மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் நிஜமானது. எடை கூடியது சத்தமில்லாமல் நிற்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

விலை கூடியதற்காக நான் மனமாரக் கொடுக்கும் பணம் இந்த எடைக்கு மட்டும்தான். காட்டும் திரைக்கு அல்ல.

பிழிவதில் கிடைக்கும் லாபம்: 1000 சுற்றில் துணி எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர் மிஞ்சும், 1400-இல் ஏறத்தாழ 50. ஐந்து கிலோ துணிக்கு வித்தியாசம் அரை லிட்டர். டிரையரில் உலர்த்துகிறீர்கள் என்றால் அந்த அரை லிட்டரை ஆவியாக்க மட்டுமே 0.3 யூனிட் மின்சாரம் வேண்டும்.

#6
மொட்டைமாடி | செவ்வாய், காலை 11:00

டிரையர் இல்லாதவர்களுக்கு? கொடியில் போடுகிறவர்களுக்கு அந்த அரை லிட்டரை வெயிலும் காற்றும் சும்மாவே எடுத்துக்கொள்ளும். 1400-இல் பிழிந்த பருத்திச் சட்டை கசங்கி வரும், அதை இஸ்திரி போடும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் 800-க்கு மேல் வைப்பதே அபூர்வம்.

எடை விஷயத்தில் கணக்குப்புள்ளை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மெஷின் தரையில் சமமாக நிற்கும்வரை பிரச்சினை இல்லை. ஒரு கால் தளர்ந்துவிட்டால் அன்றைக்கு வீடே அதிரும்.

#7
உப்புத்தண்ணீர் | செவ்வாய், மாலை 4:20

என் பெயரிலேயே தெரியும், எங்கள் தண்ணீர் எப்படி என்று. விலை கூடியதோ குறைந்ததோ, தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முழுமையாகாது.

எங்கள் முதல் மெஷினின் ஹீட்டரை நாலாவது வருடத்தில் கழற்றினார்கள். பென்சில் தடிமன் குழாய் என்று சொன்னார்கள், வெளியே வந்தது கட்டைவிரல் தடிமனில் வெள்ளை ஓடு போர்த்த ஒரு கம்பி. தட்டினால் முட்டை ஓடு மாதிரி சில்லு சில்லாக விழுந்தது. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெளியேறி ஹீட்டரில்தான் முதலில் படியும். படிந்த பிறகு சூடு தண்ணீருக்குப் போகாது, ஹீட்டர் தன் சூட்டிலேயே வெந்து போகும்.

அப்புறம் பழகிக்கொண்டது: மாதம் ஒருமுறை துணி இல்லாமல் சிட்ரிக் அமிலத்தூள் போட்டு வெந்நீர் ஓட்டம். இரண்டாவது மெஷின் நடுத்தர விலையில் வாங்கியது, எட்டு வருடமாக அதே ஹீட்டர். அளவை டப்பாவில் போட்டிருப்பதற்கு மேல் ஏற்ற வேண்டாம், அமிலம் அதிகமானால் ரப்பருக்கும் உலோகத்துக்கும் ஆகாது. குளோரின் ப்ளீச்சோடு மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

தண்ணீர் அழுத்தமும் பாருங்கள். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தது 0.5 பார் வேண்டும் என்று இருக்கும். குழாயைவிடத் தொட்டியின் நீர்மட்டம் ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் அது கிடைக்கும். மேல்தளத்தில் இருப்பவர்கள் மெஷினைக் குறை சொல்லும் பல இடங்களில் குறை தொட்டியின் உயரத்தில் இருக்கும்.

#8
ஈரத்துணி | செவ்வாய், இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை.

திருப்புளி அண்ணா சொன்ன மாதிரி பழைய மெஷினின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். "டப் அசெம்பிளி" ஒரே எண். வாங்கும்போது இது தெரியாமல் போயிற்றே என்று இருக்கிறது.

இன்னும் சில சந்தேகங்கள். இரண்டு மாடலிலும் "மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி" என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அதை நம்பி எடுக்கலாமா? அப்புறம், எங்கள் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். பெரும்பாலும் 15 நிமிட வாஷ், பச்சைத்தண்ணீர். வாசனைக்காக சாஃப்ட்னர் நிறைய ஊற்றுவோம். டிரம் நிறையத் துணி. முடிந்ததும் குழந்தை கை விடாமல் இருக்கக் கதவை மூடிவிடுவோம்.

#9
திருப்புளி | புதன், காலை 6:10

மனம் திறந்து எழுதியதற்கு நன்றி தம்பி. வாரண்டியை முதலில் முடித்துவிடுகிறேன். பிரஷ் இல்லாத மோட்டாரில் தேய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அது சுலபத்தில் கெடாது. கெடாத பொருளுக்குப் பத்து வருடம் எழுதிக் கொடுப்பது சுலபம். அதை ஓட்டும் சர்க்யூட் போர்டுக்கு எத்தனை வருடம், டப்புக்கும் பேரிங்குக்கும் எத்தனை வருடம் என்று வாரண்டி அட்டையில் தேடுங்கள். பெரும்பாலும் அவை மெஷினின் பொது வாரண்டியோடு முடிந்துவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடமென்றால் போர்டைக் காப்பாற்ற ஸ்டெபிலைசரோ சர்ஜ் பாதுகாப்போ வைத்துவிடுங்கள், எந்த விலை மெஷினாக இருந்தாலும்.

பழக்கம் பற்றி. உங்கள் மெஷின் ஆறரை வருடத்தில் ஓய்ந்ததில் அந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பச்சைத்தண்ணீரிலேயே எப்போதும் ஓட்டி, சாஃப்ட்னரும் அதிகமாக ஊற்றினால், டிரம்முக்கு வெளியே நம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கொழுப்புப் படலம் ஏறும். வழுவழுவென்று இருக்கும், முகர்ந்தால் சாக்கடை நாற்றம். அந்தப் படலம் ஸ்பைடரின் இடுக்குகளில் ஈரத்தோடு ஒட்டி நிற்கும். அலுமினியமும் ஸ்டீலும் ஒன்றை ஒன்று தொட்டு, டிடர்ஜென்ட் கலந்த ஈரத்திலேயே கிடந்தால் அலுமினியம் அரிக்கும். போன மாதம் ஒரு வீட்டில் டிரம்மை வெளியே எடுத்தேன். ஸ்பைடரின் ஒரு கால் முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தது. திருப்புளி முனையால் அழுத்தினேன், ஈரச் சுண்ணாம்பில் இறங்குவது போல இறங்கியது. இன்னும் நாலு ஸ்பின் தாங்கியிருக்காது. அது ஒன்றும் மலிவு மெஷின் இல்லை.

டிரம் நிறையத் துணி போடுவதில் இன்னொரு தொல்லை. ஃபிரண்ட் லோடு துவைப்பதே துணியை மேலே தூக்கிக் கீழே போட்டுத்தான். விழ இடம் இல்லையென்றால் துணி சும்மா புரளும், அழுக்கு போகாது. துணிக்கு மேல் உள்ளங்கையை நட்டு வைத்தால் நுழைய வேண்டும். 8 கிலோ என்பது காய்ந்த பருத்தித் துணிக்கு, அதுவும் காட்டன் புரோகிராமுக்கு மட்டும். சிந்தெட்டிக் என்றால் பாதி. 15 நிமிட வாஷுக்கு நிறைய மாடல்களில் ஒன்றிரண்டு கிலோதான்.

கதவுக்கு என் ஆலோசனை: கதவு வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கெட்டின் கீழ்மடிப்பைத் துணியால் துடைத்துவிட்டு, அந்த அறையின் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், மெஷின் கதவு இரண்டு விரல் திறந்தே இருக்கட்டும். அறையைப் பூட்ட முடியாவிட்டால் குழந்தை பெரிதாகும்வரை மெஷினை மூடியே வையுங்கள். மூடி வைப்பதால் வரும் கருப்புப் பூஞ்சையைத் துடைத்துக்கொள்ளலாம், குழந்தை உள்ளே ஏறிவிடக் கூடாது.

#10
கணக்குப்புள்ளை | புதன், காலை 9:30

15 நிமிட வாஷ் ஏன் சரிப்படாது என்பதற்கு ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் சொன்னது: சுத்தமாவதற்கு வேதிப்பொருள், அடித்துப் புரட்டும் விசை, வெப்பம், நேரம் என்ற நான்கும் சேர வேண்டும். ஒன்றைக் குறைத்தால் மற்றதை ஏற்றிச் சரிக்கட்ட வேண்டும். ஈரத்துணி வீட்டில் நேரம், வெப்பம், விசை மூன்றையும் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். மிஞ்சியது டிடர்ஜென்ட் மட்டும், அதைக் கூட்டினால் நுரை. நுரை அதிகமானால் துணி மெத்தையில் விழுவது போல விழும், அலசவும் கூடுதல் தண்ணீர் வேண்டும்.

மின்சாரத்துக்குப் பயந்து பச்சைத்தண்ணீர் என்றால், 12 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுபோக 0.2 யூனிட், 60-க்குப் போக அரை யூனிட். தினமும் 60 வேண்டாம். அன்றாடத் துணிக்கு 40, துண்டு, படுக்கை விரிப்பு, குழந்தையின் பருத்தித் துணிக்கு 60 என்று பிரித்துக்கொள்ளலாம். இதற்கு உயர்விலை மெஷின் தேவையே இல்லை, ஹீட்டர் இருந்தால் போதும்.

இனி விலைக் கணக்கு. வாரம் ஐந்து முறை என்றால் வருடத்துக்கு 260 ஓட்டம். மலிவானது ஏழு வருடம், விலை கூடியது பதினைந்து வருடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆயுள் இரண்டு மடங்கை லேசாகத் தாண்டும், விலையோ இரண்டரை மடங்கு. ஆயுளை மட்டும் வைத்தால் விலை கூடியது தோற்கும். அமைதியும் பிழியும் திறனும் உங்களுக்கு அந்த மீதிக்கு ஈடா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் மலிவானதோ நடுத்தரமானதோ, ஏழாவது வருடத்தில் பேரிங் மாற்றி இன்னும் ஆறு வருடம் ஓட்ட முடிந்தால், கணக்கில் அதைத் தாண்ட எதுவும் இல்லை.

#11
வெள்ளைச்சட்டை | புதன், மதியம் 1:45

நேர்மையாக ஒன்றைச் சேர்க்கிறேன். என் மெஷினில் எட்டாவது வருடம் சர்க்யூட் போர்டு போயிற்று. வாரண்டி முடிந்த பின். நிறுவனம் கேட்ட தொகைக்கு ஒரு மலிவு மெஷினையே வாங்கியிருக்கலாம், அதுவும் ஐந்து வாரம் காத்திருந்த பிறகு. கைக்குழந்தை உள்ள வீட்டில் ஐந்து வாரம் என்பதை நினைத்துப் பாருங்கள். மெஷின் மீது எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை, ஆனால் வாங்கும்போது "போர்டு எத்தனை நாளில் கிடைக்கும்" என்று கேட்டிருக்க வேண்டும்.

போனிலிருந்து இயக்கும் வசதியை முதல் வாரத்துக்குப் பிறகு நாங்கள் தொடவில்லை. தானே டிடர்ஜென்ட் அளக்கும் வசதி எங்களுடையதில் கிடையாது. என் தங்கை வீட்டில் இருக்கிறது, அது உண்மையிலேயே பயன்படுகிறது, அளவுக்கு மேல் ஊற்றும் கை அங்கே கட்டுப்படுகிறது.

#12
திருப்புளி | புதன், மாலை 7:00

வெள்ளைச்சட்டை சொன்னது சரியான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது: ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் பத்து வருடம் உதிரிபாகம் கொடுக்க வேண்டும், கேட்ட 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். மோட்டார், பம்ப், டேம்பர், போர்டு, டிரம், ஸ்பைடர், பேரிங் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் டிரம்மையும் ஸ்பைடரையும் பேரிங்கையும் தனியாகவோ மொத்தமாகவோ கொடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஒட்டிய டப் அந்த வாசல் வழியாகத் தப்பித்துக்கொள்கிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு, தினம் தினம் அதைக் குப்பைக்குத் தூக்கிப்போடுகிறவன் நான்.

#13
ஈரத்துணி | ஞாயிறு, மாலை 5:30

நான்கு நாள் அலைந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பார்த்து வைத்திருந்த உயர்விலை மாடலின் உதிரிபாகப் பட்டியல்: டப், டிரம், பேரிங் சேர்த்து ஒரே எண். மனசு விட்டுப்போயிற்று. மலிவு மாடல்: அதுவும் ஒரே எண். கடைக்காரருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே முதலில் புரியவில்லை, அப்புறம் அவரே ஆர்வமாகி சர்வீஸ் ஆட்களுக்குப் போன் போட்டு ஒவ்வொரு மாடலாகக் கேட்டார். ஆறாவது மாடலில் பேரிங்குக்கும் சீலுக்கும் தனி எண் கிடைத்தது. டப் போல்ட் போட்டது. 7 கிலோ, 1200 சுற்று, எடை 71 கிலோ. பார்க்க ரொம்பச் சாதாரணம், சின்னத் திரை, ஒரு திருகு குமிழ். விலை மலிவு மாடலைப் போல ஒன்றரை மடங்கு. போர்டு ஒரு வாரத்தில் கிடைக்கும் என்று சர்வீஸில் சொன்னார்கள். அதையே எடுத்துவிட்டோம்.

8 கிலோ வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். உள்ளங்கை அளவை வைத்துப் பார்த்ததில், ஒழுங்காகப் போட்டால் எங்களுக்கு 7 கிலோவே போதும் என்று தெரிந்தது.

நேற்று வந்து பொருத்தினார்கள். வண்டியில் வரும்போது டப் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் போட்டிருக்கும் போல்ட்டை, பொருத்த வந்தவர் அவசரத்தில் கழற்றாமலே இணைக்கப் போனார். கையேட்டைக் காட்டிக் கழற்றச் சொன்னேன். நான்கு நீளப் போல்ட். அதன்பிறகு ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்தோம். மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. முதல் ஓட்டம் துணி இல்லாமல் 60-இல். இன்று காலை குழந்தையின் துணி, கொஞ்சமாக டிடர்ஜென்ட், சாஃப்ட்னர் இல்லாமல். ஸ்பின்னில் சத்தம் இருக்கிறது, வெள்ளைச்சட்டை சொன்ன அமைதி இதில் வராது. ஆனால் நகரவில்லை. குழந்தை தூங்கும்போது 800 சுற்றில் வைக்கிறோம்.

பழைய மெஷினைக் கொடுப்பதற்கு முன் டப்பை அறுத்துக் காட்டும்படி மெக்கானிக்கைக் கேட்டேன். பேரிங்கின் குண்டுகள் துருப்பொடியோடு கையில் கொட்டின. ஸ்பைடரில் நீங்கள் எழுதிய அதே வெள்ளைப் பூச்சு, இரண்டு காலில். கேஸ்கெட் அடியில் சாம்பல் நிறச் சேறு. ஆறரை வருடம் குழந்தைத் துணி வரை எல்லாம் அந்தச் சேற்றுக்குப் பக்கத்தில்தான் துவைந்திருக்கிறது என்று நினைக்கவே கஷ்டமாக இருந்தது.

#14
மொட்டைமாடி | ஞாயிறு, மாலை 6:10

நல்ல முடிவு. உங்களைப் பார்த்து எங்கள் மெஷினின் பட்டியலையும் தேடினேன். பேரிங்குக்குத் தனி எண் இருக்கிறது! ஒன்பது வருடம் தெரியாமலே அதிர்ஷ்டத்தில் ஓட்டியிருக்கிறோம்.

#15
திருப்புளி | ஞாயிறு, இரவு 8:20

ரொம்பச் சந்தோஷம் தம்பி. அந்தப் போல்ட்டோடு ஓட்டியிருந்தால் முதல் ஸ்பின்னிலேயே மெஷின் துள்ளியிருக்கும், டேம்பரும் பெட்டியும் அடிவாங்கியிருக்கும். கழற்றிய நான்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடு மாற்றும்போது திரும்ப மாட்டாமல் வண்டியில் ஏற்றினால் டப் உள்ளேயே இடித்து உடையும். வருடத்துக்கு இரண்டு மூன்று அப்படி என்னிடம் வருகிறது.

கீழே இருக்கும் பம்ப் ஃபில்டரையும் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கும் முன் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழாயை இழுத்து மிச்சத் தண்ணீரை ஒரு தட்டில் வடியவிடுங்கள், இல்லாவிட்டால் தரையெல்லாம் வெள்ளமாகிவிடும்.

#16
ஈரத்துணி | ஞாயிறு, இரவு 8:45

நான்கு போல்ட்டையும் ஒரு கவரில் போட்டு மெஷினின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டேன் அண்ணா. பேரிங், சீல் பாக எண்களை ஒரு தாளில் எழுதி அதே கவருக்குள் வைத்திருக்கிறேன்.